நாற்பதுக்குக் கீழே

54.5

ஜனவரி 10, ஞாயிறு

அன்புள்ள பூசணிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் வாண்டுவின் நலமும் அறிய ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் உன் எண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

57 என்று எழுதியிருக்கிறாய். போன வாரமும் 57. ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலையிலிருந்து நின்று வேலை பார்க்கிறவளுக்கு எடை இறங்கவில்லை என்றால் எங்கேயோ கை நீள்கிறது என்றுதான் அர்த்தம். உப்புப் பார்க்கிறேன், காரம் பார்க்கிறேன் என்று கரண்டி கரண்டியாக உள்ளே தள்ளுகிறாயா? ஒன்பது வருஷமாக நமக்குள் ஒரே சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் எடை மெஷினில் ஏற வேண்டும். கடிதத்தின் தலையில் எண்ணை எழுத வேண்டும். யார் எண் பெரியதோ அவளுக்கு அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாடு கிடையாது. சட்டம் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். தலையாட்டியது நீ. ஆகவே இந்த வாரமும் உனக்கு ராத்திரி தண்ணீர்தான், குறைப்பட்டுக்கொள்ளாதே.

கடையில் வேலை கழுத்தை நெரிக்கிறது. நர்ஸ்களுக்கு நூற்று இருபது சீருடை ஒரே மாதத்தில் வேண்டுமாம். தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் இருவரும் மாற்றி மாற்றி லீவு போடுகிறார்கள். உன் அத்தான் ரேடியோவைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜை மேல் பரப்பி வைத்து நாலு நாள் ஆகிறது. அது பாடவும் இல்லை, மேஜை காலியாகவும் இல்லை. நல்ல சாம்பல் நிறக் கம்பளித் துணி ஒரு சுருள் மலிவாகக் கிடைத்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே மாதிரி கோட்டு வெட்டப் போகிறேன். தைத்ததும் அனுப்புகிறேன்.

வாண்டு தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள். இந்த விடுமுறைக்கு வரட்டுமா பெரியம்மா, துணி வெட்டக் கற்றுத் தருவீர்களா என்று. போன வருஷமும் கேட்டாள். அவளிடம் சொல், நாற்பதுக்குக் கீழே இறங்கட்டும், அப்புறம் வரலாம். என் வெட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைய வேண்டாமா?

பதிலை உடனே எழுது. போனில் சொன்னால் இரண்டு வீடும் காது கொடுத்துக் கேட்கும்.

உன் அக்கா


56.5

ஜனவரி 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பூசணி எழுதுவது. அரைக் கிலோ இறங்கியிருக்கிறேன், தலையில் பார்த்திருப்பாய். திட்டு கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

நான் கரண்டியை நக்குவதில்லை அக்கா. உப்புப் பார்க்கிற வேலையைப் பக்கத்து அடுப்புக்காரியிடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வேளைக்கு இருநூற்று நாற்பது தட்டு போடுகிறோம். உப்பில்லாதது, சர்க்கரை இல்லாதது, மசித்தது, வடிகட்டியது என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். மூன்றாம் மாடியில் ஒரு கிழவர், தட்டைக் கொண்டுபோனால் "நீ சாப்டியாம்மா?" என்று தினமும் கேட்கிறார். ஆச்சு என்று தினமும் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. போன செவ்வாய் சூப்பு அண்டாவின் மூடியைத் தூக்கும்போது கை நடுங்கி மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு உறுத்துகிறது. வியாழக்கிழமை ராத்திரி ஒரு உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டேன். அவித்தது, சின்னதுதான். கோபித்துக்கொள்ளாதே.

நீ வாண்டுவுக்குச் சொன்னதைப் படித்துக் காட்டினேன். ஓடிப்போய் மெஷினில் ஏறிவிட்டாள். 44. "நாலு கிலோதானேம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே தட்டில் பாதி முட்டையை ஒதுக்கி வைத்தாள். உன்னைப் போலவே பிடிவாதம்.

பத்து வருஷம் ஆகிறது உன்னைப் பார்த்து. அப்பா காரியத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆர்டர் என்கிறாய். எண்ணில் 54.5 வரைக்கும் வந்துவிட்ட அக்காவை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டாமா எனக்கு?

அன்புத் தங்கை,
பூசணி


54

ஜனவரி 24, ஞாயிறு

அன்புள்ள பூசணிக்கு,

ஒரு உருளைக்கிழங்குதானே என்று எழுதிவிட்டாய். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு, அடுத்த மாதம் மூட்டையோடு உட்கார்ந்திருப்பாய். எனக்கு மட்டும் பசிக்காதா? நானும் மனுஷிதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். கண்ணைக் கட்டுவதெல்லாம் மனசு பலவீனம். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு வேலையைப் பார்.

வாண்டு முட்டையை ஒதுக்கினாளா? பரவாயில்லையே. உன்னைவிட அவளுக்கு ரோஷம் அதிகம். விட்டால் உன்னையும் என்னையும் தோற்கடித்துவிடுவாள் போலிருக்கிறது.

நேரில் வா, நேரில் வா என்று நச்சரிக்காதே. நான் கடையைப் பூட்டினால் நூற்று இருபது நர்ஸ்களும் எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்? கோட்டுத் தையல் பாதி ஆயிற்று. முடித்து அடுத்த மாதம் பார்சல் போடுகிறேன். உனக்கு 56 என்று வைத்துத்தான் வெட்டியிருக்கிறேன். அதற்குமேல் ஏறினால் பட்டன் தெறிக்கும், சொல்லிவிட்டேன்.

உன் அக்கா


மார்ச் 1

அக்கா,

தலையில் எண்ணைத் தேடாதே. எழுதவில்லை. இனி எழுத மாட்டேன்.

உன் பார்சல் வியாழக்கிழமை வந்தது. வாண்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் வீட்டில் இருந்தேன். ஏன் வீட்டில் இருந்தேன் என்று பிறகு சொல்கிறேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பக்கத்து மடிப்பை இழுத்தால் மறுபக்கத்து அக்குளைத் தாண்டிப் போனது. முதலில் சிரித்தேன். யாரோ வாடிக்கைக்காரியின் கோட்டு மாறி வந்துவிட்டது, பாவம் அக்கா, வேலை நெருக்கடி என்று நினைத்தேன்.

உள்பையில் அளவுச் சீட்டு குத்தியிருந்தது. மார்பு 44, இடுப்பு 41. கையின் நீளம் நம் இருவருக்கும் ஒன்றுதானே, அதுவும் இருந்தது, இருபத்திரண்டே கால். மேலே 'எனக்கு' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமாக வாராவாரம் படிக்கிறேன்.

மாற்றிக் கட்டிவிட்டாய் அக்கா. என் கோட்டை நீ வைத்துக்கொண்டு உன் கோட்டை எனக்கு அனுப்பிவிட்டாய்.

54 கிலோ உள்ளவளுக்கு 44 அங்குல மார்பு எந்த ஊரில் இருக்கும்? பேனாவை எடுத்தால் உனக்குப் பொய் வருகிறது. டேப்பை எடுத்தால் வரவில்லை, தொழில் அப்படி. உடம்பு பெருத்ததற்கு நான் கோபப்படவில்லை. நீ எத்தனை கிலோ இருந்தால் எனக்கு என்ன? நீ நூறு கிலோ இருந்தாலும் என் அக்காதான். ஆனால் வாராவாரம் என்னை ஜெயித்தாய். வாராவாரம் என் ராத்திரிச் சாப்பாட்டைப் பறித்தாய். அவர்கள் இருவரும் மேஜையில் உட்காரும்போது நான் அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைப்பேன். வாண்டு நாலு வயதில் கேட்டாள், "அம்மா, நீ எப்பம்மா சாப்பிடுவே?" என்று. அப்புறம் என்றேன். ஒன்பது வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே நான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே நீ என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்?

இப்போது வீட்டில் இருந்த காரணம். பிப்ரவரி நடுவில் சூப்பு அண்டா பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன். முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. நான் சமைக்கிற ஆஸ்பத்திரியிலேயே என்னைக் கட்டிலில் போட்டார்கள். சீட்டு வைத்த தட்டு எனக்கும் வந்தது. நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிற அம்மா வந்து உட்கார்ந்தார். "கடைசியா எப்ப வயிறு நிறைய சாப்பிட்டீங்க?" என்றார். நான் "56" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நான் எடையைக் கேக்கலையே" என்றார். வயிற்றைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு எண்தான் வருகிறது அக்கா. அந்த இடத்தில் கட்டிலை உடைக்கலாம் போலக் கோபம் வந்தது.

இதுவும் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். நான் பெரியவள், முட்டாளாக இருந்தது என் விருப்பம். வாண்டுவின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ஐந்து வாரமாக மத்தியானச் சாப்பாட்டைப் பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். விளையாட்டு நேரத்தில் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அன்று சாயங்காலம் நான் கேட்பதற்கு முன்னால் அவளே மெஷினிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "அம்மா, 39.8. பெரியம்மாவுக்கு எழுது. இப்ப வரலாமான்னு கேளு."

அவளை அறைந்துவிட்டேன். வெந்த கையாலேயே. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. அறை வாங்க வேண்டியவள் ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்தாள். இன்னொருத்தி அந்த அறையிலேயே இருந்தாள். அவள் முட்டையை ஒதுக்கியபோது நான்தானே சிரித்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா விளையாட்டுக்குச் சொன்னார்கள் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "பெரியம்மா சொன்னதைச் செஞ்சு காட்டினவங்கம்மா. 54 வரைக்கும் வந்துட்டாங்க. உன்னாலதான் முடியல" என்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் எண்களை வாரம் தவறாமல் எழுதி வைத்திருக்கிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நான் தோற்றவள். இந்தக் கோட்டை அவள் முன்னால் விரித்துப் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். போடவில்லை. மடித்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். உன்னை அவள் வெறுப்பதற்கு நான் கை கொடுக்க மாட்டேன். அதை நீயே செய்துகொள்.

அவளுக்கு எழுது. உன் எண் பொய் என்று எழுது. நாற்பதை ஏன் சொன்னாய் என்றும் எழுது. நீ எழுதுகிற வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடப் போவதில்லை. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

தங்கை


53.5

மார்ச் 8

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். 

ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு கூடப் பிறந்தவளைப் பொய்க்காரி என்கிறாய். அது வேறொருத்தியின் கோட்டு. அவசரத்தில் மேலே என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு எழுதுகிறேன், நீ வந்து ஒரு நாள் எழுதிப் பார். உன் கோட்டு இங்கேதான் இருக்கிறது. அதை அனுப்புகிறேன், இதைத் திருப்பி அனுப்பு.

நீ மயங்கி விழுந்ததற்கு வருத்தம். கையில் மருந்து போடுகிறாயா? ஆனால் உன்னால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. பழியை என் தலையில் கட்டாதே. குழந்தையிடம் நான் சொன்னது வேடிக்கைப் பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் வளர்ப்புச் சரியில்லை. பிள்ளை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று நீ நினைப்பாய், நினைத்துக்கொள்.

அவளுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 19

அக்கா,

53.5 என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவுக்குப் பிறகும் அரைக் கிலோ இறங்கியிருக்கிறாய். படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன், வாண்டு கண்ணில் படக் கூடாதே என்று.

கோட்டைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிள்ளை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேனா? என் பிள்ளைக்கு முதல் பாவாடை தைத்தது நீ. பல் முளைத்ததை உனக்குத்தான் முதலில் எழுதினேன். அதை என்னிடம் எடுத்து வீசாதே, அது உனக்கே தாங்காது.

நான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். சுலபமாக இல்லை. முதல் நாள் ராத்திரி மேஜையில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ விருந்தாளி வந்த மாதிரி. எனக்கென்று ஒரு நாற்காலி இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று வாய் சாப்பிட்டதும் உன் குரல் காதுக்குள் திட்டியது. நான் திருப்பித் திட்டினேன், சத்தமாகவே. இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் முழு ரொட்டியையும் நின்றபடியே தின்று தீர்த்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார், எப்படி இதைச் சரிக்கட்டுவது என்று சீட்டு எழுதித் தருவார் என்று நினைத்தேன். "ஒன்பது வருஷப் பசி இல்லையா. நாளைக்குக் காலையில வழக்கம்போல சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். வழக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இப்போது கொஞ்சம் தெரிகிறது. பசித்தால் சாப்பிடுகிறேன். மூன்றாம் மாடிக் கிழவர் கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். எடை மெஷினை ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், வெங்காயப் பை நிறுக்கிறார்கள். உடம்பு என்ன ஆகிறது என்று தெரியவில்லை. பழைய பாவாடை இடுப்பில் இறுக்குகிறது, அந்த நேரத்தில் இன்னும் பயம் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் கண்ணைக் கட்டுவது நின்றுவிட்டது. அது எத்தனை வருஷமாக இருந்தது என்று நின்ற பிறகுதான் தெரிகிறது. அதை நினைக்கும்போது உன் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

வாண்டு நான் சாப்பிடுவதை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். பாவம் பார்க்கிற பார்வை. தோற்றுப்போய்விட்டாள் அம்மா என்று. நான் நின்று பார்த்தால் நாலு வாய் சாப்பிடுகிறாள், திரும்பினால் நிறுத்திவிடுகிறாள். மெஷின் போனதிலிருந்து மணிக்கட்டைச் சுற்றி விரல்களை வைத்து அளந்து பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். பேசுகிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள். அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான். "பெரியம்மா என்ன எழுதினாங்க?"

ஏப்ரல் கடைசியில் விடுமுறை. பெட்டியை இப்போதே கட்டி வைத்திருக்கிறாள். என்ன சொல்லட்டும்?

தங்கை


ஏப்ரல் 11

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு கூட நீ தவறியதில்லை. எண் எழுதுவதற்கு மட்டும்தான் உனக்குத் தங்கை தேவைப்பட்டாளா?

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாண்டு வாசலில் போய் நிற்கிறாள். நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டோம், இன்னும் ஏன் கூப்பிடவில்லை, ஒருவேளை இன்னும் இறங்க வேண்டுமோ என்று நேற்று கேட்டாள். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். அவளுக்கு எழுதினால் எழுது. இல்லையென்றால் எனக்கு அக்கா இருந்தாள் என்பதை மறந்துவிடுகிறேன்.


ஏப்ரல் 20

தங்கைக்கு,

உள்ளே வாண்டுவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. முதலில் நீ படி. சரியில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு எந்த இடம் சரியில்லை என்று ஒரு வரி எழுது, திருத்தி எழுதுகிறேன். இது ஆறாவது தடவை எழுதுவது.

மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தில் நான் எழுதிய எதுவும் உண்மை இல்லை. உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேனே, அதைத் தவிர. உன் ராத்திரிகளைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 20

என் வாண்டுவுக்கு,

பெரியம்மா எழுதுவது. இதைச் சாப்பிட்டுவிட்டுப் படி என்று சொல்ல ஆசை. அப்படிச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் எப்போது வேண்டுமானாலும் படி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் எண்களை எழுதி வைத்திருக்கிறாயாமே. அதில் ஒன்று கூட நிஜம் இல்லை. நான் குண்டானவள். உன் அம்மாவிடம் அலமாரிக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கோட்டு இருக்கிறது. இறக்கித் தரச் சொல். அது என்னுடையது, என் அளவுக்கு நானே வெட்டியது. அந்தக் கோட்டுக்குள் இருப்பவள்தான் உன் பெரியம்மா. எத்தனை கிலோ என்று எழுத மாட்டேன். எழுதினால் அதையும் நோட்டில் ஏற்றிவிடுவாய்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன் அம்மாவும் நானும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஆரம்பித்த மூன்றாவது மாதம், கடையில் யாரோ கேக் கொண்டுவந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். அந்த ஞாயிறு உண்மையை எழுத வெட்கப்பட்டு இரண்டு கிலோ குறைத்து எழுதினேன். "உன்னால மட்டும் எப்படிக்கா முடியுது?" என்று உன் அம்மா பதில் எழுதினாள். என் உடம்பைப் பற்றி என் வாழ்க்கையில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்காக அடுத்த வாரமும் பொய் எழுதினேன். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. எழுதிய எண் இறங்கிக்கொண்டே போனது, உன் அம்மா பட்டினி கிடந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் சாப்பிட்டேன்.

அதுவும் எப்படிச் சாப்பிட்டேன் என்றால், உன் பெரியப்பா எதிரில் நாலு துண்டு வெள்ளரிக்காய். மத்தியானம் பெண்கள் வீட்டுக்குப் போனதும் வெட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவிலிருந்து பிஸ்கட், ரொட்டி, கிடைத்தது எல்லாம். நின்றுகொண்டே, அவசரமாக, திருடுகிறவள் தின்பது போல. வயிறு நிறைந்தது. ஒரு வாய் கூட ருசித்ததாக நினைவில்லை. போன வாரம் உன் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியும். அந்த டப்பா தானா நிறையுதுன்னா நெனச்சே?" என்றார். ஒன்பது வருஷமாக நிரப்பி வைத்தது அவர்தான். தெரிந்தவர் ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று அவரிடம் ஒரு வாரமாகச் சண்டை.

நாற்பது கிலோ கதையைச் சொல்கிறேன். நீ வந்தால் என்னைப் பார்ப்பாய். பார்த்தால் தெரிந்துவிடும். நீ வரக் கூடாது என்பதற்காக வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். அதற்கு வேறு எந்த அர்த்தமும் இல்லை. வெட்டு மேஜைக்குப் பக்கத்து சந்து என்றேனே, அதில் நானே நுழைவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன். என் பயத்துக்கு நீ பட்டினி கிடந்திருக்கிறாய். இதை எழுதும்போது என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் கத்தரிக்கோலால் எதையாவது வெட்ட வேண்டும் போலிருக்கிறது. வெட்டினால் நர்ஸ்கள் சீருடைதான் பாழாகும்.

பதினாறு வயதில் முதல் முதலாக ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மாஸ்டர் எனக்குச் சீருடைக்கு அளவு எடுத்துவிட்டு, என் இடுப்பு அளவைக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த ஆள் மேல் முப்பது வருஷமாகக் கோபமாக இருக்கிறேன். அவர் எனக்குச் செய்ததை நான் உன் அம்மாவுக்கு வாராவாரம் செய்திருக்கிறேன். உனக்கும் செய்துவிட்டேன். அவர் என் சாப்பாட்டிலாவது கை வைக்கவில்லை.

விடுமுறைக்கு வா. அம்மா கொண்டுவந்து விடட்டும், அவளும் நாலு நாள் இருக்கட்டும். என்னைத் திட்டித் தீர்க்க அவளுக்கு நாலு நாள் போதாது, இருந்தாலும் இருக்கட்டும். டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னால் மட்டும் வா. இப்போது வேண்டாம் என்றால் அடுத்த மாதம் வா, அதற்கடுத்த மாதம் வா. உனக்கு என் மேல் கோபம் இருந்தால் வராமலும் இருக்கலாம். அதையும் நீயே எழுது, அம்மாவை எழுதச் சொல்லாதே.

வருவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள். நான் நேற்றே திருந்தி முடித்துவிட்டேன் என்று நினைக்காதே. நேற்று மத்தியானம் உன்னைவிட நாலைந்து வயது பெரிய நர்ஸுப் பெண் ஒருத்தி அளவு கொடுக்க வந்தாள். இந்தக் கடிதம் பாதி எழுதி மேஜை மேல் கிடந்தது. டேப்பை அவள் இடுப்பில் வைத்தவுடன் என் வாய், "கொஞ்சம் வயித்தை உள்ள இழும்மா" என்றது. அவளும் மூச்சைப் பிடித்து இழுத்தாள். முப்பது வருஷமாக வருகிற எல்லாப் பெண்களிடமும் சொல்லிப் பழகிய வாய். உன்னிடமும் சொல்லிவிடும். அப்படிச் சொன்னால் நீ இழுக்காதே. ஏன் இழுக்க வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துக் கேள், கோபமாகவே கேள். இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் என்னை அப்படிக் கேட்டதில்லை. 

உன் பெரியம்மா